எங்கள் வேட்பாளர் தோற்றார், கைவிட்டவர் கடவுளா?

45 வயதான ஒரு சகோதரியின் கடிதம் இது. பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் சில விவரங்களை விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

குடியிருக்கும் இடத்துக்கு எந்தப் பத்திரமும் இல்லாத ஏழைக் குடும்பங்களுக்காகப் பல வருடங்களாக உழைப்பவர் இவர். மனு எழுதித் தருவார், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிடுவார், அலுவலகம் அலுவலகமாகக் கூடவே அலைவார். அந்தக் குடும்பங்களுக்கு நிலத்தை எழுதித் தருவேன் என்று வாக்குக் கொடுத்த ஒருவருக்காக இந்தத் தேர்தலில் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். 17 வயது மகளும் கூடவே போய்த் துண்டறிக்கை கொடுத்தாள். சபையின் ஜெபக்குழு 40 நாள் உபவாசம் இருந்தது. "கர்த்தர் எனக்கு வெற்றியைக் காண்பித்துவிட்டார்" என்று போதகர் பிரசங்கத்திலேயே சொன்னார். ஆனால் வேட்பாளர் பெரிய வித்தியாசத்தில் தோற்றுப்போனார். ஜெயித்தவரோ, அந்தக் குடியிருப்பையே அகற்றுவேன் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர்.

அடுத்த வாரம் போதகர், "நம்மில் யாரோ விசுவாசத்தில் குறைந்துபோனோம்" என்று பிரசங்கித்தார். கணவர், "அரசியல் உலகக் காரியம். இனியாவது விட்டுவிட்டு ஜெபம் மட்டும் பண்ணு" என்கிறார். எதிர்த்தரப்புக்கு வேலை செய்த சபைப் பெண் ஒருவர், "கர்த்தர் நியாயம் செய்தார்" என்று சாட்சி சொன்னார். அன்றிலிருந்து அவர் பக்கத்தில் நின்று திருவிருந்து எடுக்க இவரால் முடியவில்லை. மகள் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். "நீங்க சொன்னது எதுவுமே நடக்கலையேம்மா" என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். இவர் ராத்திரி இரண்டு மணி வரை செய்தி பார்க்கிறார். ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வரவில்லை. கடிதத்தின் கடைசி வரி: "ஒன்று, கடவுள் கேட்கவில்லை. இல்லையென்றால் அவர் அந்தப் பக்கம் இருக்கிறார். எதை நம்பினாலும் என் விசுவாசம் போய்விடுகிறது. நான் என்ன செய்ய?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இரண்டே வழிதான் இருப்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டுக்கும் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: உங்கள் வேட்பாளர் ஜெயிப்பார் என்று கடவுள் வாக்குக் கொடுத்திருந்தார் என்பது. அப்படி ஒரு வாக்கை அவர் கொடுக்கவே இல்லை என்று நான் நினைக்கிறேன். கொடுத்தவர் உங்கள் போதகர். இதைப் பிரித்துப் பார்க்க முடிந்தால், இழந்துவிட்டதாக நீங்கள் நினைக்கிற பலதும் இன்னும் உங்களிடமே இருப்பது தெரியும். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் துக்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். அதைத் தாண்டிக் குதித்து வசனம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துக்கத்துக்கு வெட்கப்பட வேண்டாம்

"ஒரு தேர்தல்தானே" என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். அந்தக் குடும்பங்களின் முகம் அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கு ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பிள்ளைகள், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதுவரை தெரியும். வருடக்கணக்கான உழைப்பும், அவர்களுக்கு நீங்கள் சொன்ன ஆறுதலும் ஒரே நாளில் சரிந்திருக்கிறது. வீட்டில் சாவு விழுந்தால் அழுகிறோமே, அப்படித்தான் இதற்கும் அழ வேண்டியிருக்கிறது. அழுவது விசுவாசக் குறைவு இல்லை.

ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வரவில்லை என்கிறீர்கள். நன்றி சொல்லித்தான் ஜெபத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று பழகியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். வேதாகமத்தில் அப்படி ஆரம்பிக்காத ஜெபங்கள் நிறைய இருக்கின்றன. ஆபகூக் தீர்க்கதரிசி எடுத்த எடுப்பில், "கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே!" என்கிறார். அவர் முறையிட்டதும் உங்களைப் போலவே பொதுக் காரியத்துக்காகத்தான். நாட்டில் நியாயம் செத்துவிட்டது, துன்மார்க்கன் நீதிமானை வளைத்துக்கொள்கிறான் என்பது அவருடைய புகார். கடவுள் பதில் சொன்னார்; அந்தப் பதில் முதல் பிரச்சனையைவிட மோசமாக இருந்தது. கல்தேயரின், அதாவது பாபிலோனியரின், படை வரப்போகிறது என்றார். ஆபகூக் அதற்கும் சும்மா இருக்கவில்லை, மறுபடியும் வாதாடினார். "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்று நாம் பாட்டாகப் பாடுகிற வரிகள் அந்தப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில்தான் வருகின்றன. உங்களைச் சுற்றியிருப்பவர்கள் முதல் அதிகாரத்தில் நிற்கிற உங்களை நேரே மூன்றாம் அதிகாரத்துக்கு இழுக்கிறார்கள். நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

88-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். முறையீடாகவே போய், இருளைப் பற்றிய வார்த்தையோடு முடிந்துவிடுகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. அதையும் ஜெபமாக ஏற்றுத்தான் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். சொந்த வார்த்தை வராத நாட்களில் அதையோ 13-ஆம் சங்கீதத்தையோ வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டு எழுந்துவிடுங்கள். இப்போதைக்கு அந்த அளவு ஜெபமே போதும்.

அது கர்த்தர் சொல்லாத வார்த்தை

இனி போதகர் சொன்னதற்கு வருகிறேன். எரேமியா 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வருகிறார். பாபிலோன் ராஜா தூக்கிக்கொண்டு போன ஆலயப் பாத்திரங்களும் சிறைப்பட்டுப் போன ஜனங்களும் இரண்டே வருடத்தில் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாகச் சொல்கிறார். அதுவும் கர்த்தரின் பெயரால் சொல்கிறார். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியா அப்போது என்ன சொன்னார் என்பதை யாரும் பெரிதாகப் பிரசங்கிப்பதில்லை. "ஆமென்" என்றார். கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அவருக்கும் அது நடக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால் ஆசைப்படுவதும் கடவுள் சொன்னார் என்பதும் வேறு வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நடந்தது என்ன? இரண்டு வருடத்தில் யாரும் திரும்பவில்லை. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் எழுபது வருடம் என்று இருந்தது.

நீங்கள் ஆசைப்பட்டதிலும் கேட்டதிலும் ஒரு தப்பும் இல்லை. ஏழைகளுக்கு வீடு நிலைக்க வேண்டும் என்று 40 நாள் பசியோடு கேட்பது நல்ல ஜெபம். அந்த ஜெபத்தின் மேல் ஒரு மனுஷர் "இதுதான் பதில்" என்று தேர்தலுக்கு முன்பே எழுதி ஒட்டிவிட்டார். இதற்கு உபாகமம் 18 தெளிவாக ஒரு சோதனை வைத்திருக்கிறது. கர்த்தரின் பெயரால் சொன்னது நடக்காமல் போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, சொன்னவர் துணிகரத்தினால் சொன்னார் என்கிறது. அதற்கு அடுத்த வார்த்தைகள் உங்களுக்கு: "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்." சொன்னது நடக்கவில்லை என்றால் பொறுப்பு சொன்னவருடையது. பசியோடு முழங்காலில் நின்றவர்கள் தலையில் அதை இறக்கி வைப்பது அநியாயம். போதகர் அதை வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவரும் ஏமாற்றத்தில் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

அவரிடம் பேசுங்கள். சபை நடுவிலோ வாட்ஸ்அப் குழுவிலோ வேண்டாம். நம்பகமான ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு நேரில் பேசுங்கள். "வெற்றியைக் கர்த்தர் காண்பித்தார் என்று சொன்னீர்கள், அது நடக்கவில்லை. அதைப் பற்றிச் சபைக்கு என்ன சொல்லப்போகிறீர்கள்? விசுவாசத்தில் குறைந்தோம் என்று சொன்னது எங்களில் பலரைக் காயப்படுத்தியிருக்கிறது." இவ்வளவு போதும். அவர் கேட்டு யோசித்தால் நல்லது. கோபப்பட்டால், அல்லது "அபிஷேகம் பண்ணப்பட்டவனை எதிர்க்கிறாய்" என்று பயமுறுத்தினால், அந்தச் சபையில் நீடிப்பது உங்களுக்கும் மகளுக்கும் நல்லதா என்ற கேள்வியைத் தாராளமாகக் கேட்கலாம். சபை மாறுவது பின்மாற்றம் ஆகிவிடாது. ஒன்றே ஒன்று: அந்த முடிவை இந்த மாதமே எடுக்க வேண்டாம். ஆத்திரத்தில் வெளியேறுகிற பலர் வேறு எந்தச் சபையிலும் சேராமல் தனியாகிப் போவதை ஆலோசனை அறையில் பார்த்திருக்கிறேன். இப்போது உங்களுக்குத் தனிமைதான் ஆபத்து.

கடவுள் எந்தப் பக்கம்?

எரிகோவுக்கு வெளியே உருவின வாளோடு நின்ற ஒருவரைப் பார்த்து யோசுவாவும் இதையே கேட்டார்: நீர் எங்களைச் சேர்ந்தவரோ, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரோ? வந்த பதில், "அல்ல." நான் கர்த்தருடைய சேனையின் அதிபதியாய் வந்தேன் என்றார் அவர். யோசுவா தன் கேள்வியை விட்டுவிட்டு முகங்குப்புற விழுந்தார்.

வெற்றி தோல்வியை வைத்துக் கடவுளின் மனதைக் கணக்குப் போடுகிற வழக்கம் சபைக்கு ரொம்பப் பழையது. நான்காம் நூற்றாண்டில் ரோம ராஜா கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்கு ஆதரவாக வந்தபோது, சபை வரலாறு எழுதிய யூசேபியுஸ் போன்ற பெரிய அறிஞர்களே அந்த ஆட்சியைக் கடவுளின் ராஜ்யத்தின் சாயல்போலப் புகழ்ந்தார்கள். 410-இல் கோத் இன மன்னன் அலாரிக்கின் படை ரோமுக்குள் நுழைந்து சூறையாடியது. கிறிஸ்தவ உலகமே அதிர்ந்தது. ரோமே விழுந்தால் இனி எதை நம்புவது என்று கேட்டார்கள். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தின் ஆயராக இருந்த அகஸ்டின் அதற்குப் பதிலாக 413 முதல் 426 வரை 22 பாகங்களில் ஒரு நூல் எழுதினார். தேவனுடைய நகரம் எந்தச் சாம்ராஜ்யத்தோடும் கட்டப்பட்டதல்ல, இந்த உலகம் உள்ளவரை இரண்டு நகரங்களின் ஜனங்களும் ஒன்றோடொன்று கலந்தே இருப்பார்கள் என்றார். அவர் இதை எங்கோ பத்திரமாக உட்கார்ந்துகொண்டு சொல்லவில்லை. 430-இல் வாண்டல்கள் என்ற படையெடுத்து வந்த இனத்தார் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோதுதான் இறந்தார்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதையும் யோசித்துப் பாருங்கள். 1933-இல் ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்ததைக் கடவுளின் செயலாகவே கொண்டாடிய சபையார் ஏராளம். அந்த அணியினர் சபைத் தேர்தல்களிலும் ஜெயித்தார்கள். அடுத்த வருடம் மே மாதம் பார்மென் நகரில் கூடிய சிலர், சபைக்கு இயேசு கிறிஸ்துவைத் தவிர வேறு எந்தத் தலைவரின் குரலும் கடவுளின் குரல் ஆகாது என்று அறிக்கை வெளியிட்டார்கள். அன்றைய வெற்றியை வைத்துக் கடவுள் எந்தப் பக்கம் என்று முடிவு பண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் வேட்பாளர் ஜெயித்திருந்தாலும் இதே ஆபத்து உங்களுக்கு இருந்திருக்கும். ஆறு மாதம் கழித்து அவர் வாக்கை மீறியிருந்தால் கேட்பதற்கு உங்கள் சபையில் யாருக்காவது தைரியம் இருந்திருக்குமா? "கர்த்தர் காண்பித்த வெற்றி" ஆயிற்றே.

கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுவிலேயே ஒரு பொது விசாரணையும் தோல்வியும் இருக்கின்றன. ஜனங்கள் இயேசுவுக்குப் பதிலாகக் குற்றவாளி பரபாசை விடுவிக்கக் கேட்டார்கள், ரோம ஆளுநர் பிலாத்து கையைக் கழுவினான். அந்த வெள்ளிக்கிழமையின் முடிவை மட்டும் பார்த்தால் கடவுள் பிலாத்தின் பக்கம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். எம்மாவூருக்கு நடந்து போன இரண்டு சீஷர்கள், "அவரே இஸ்ரவேலை மீட்டிரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்" என்று சொன்னார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு இந்த வரிதான் வந்தது. அவர்களும் தங்கள் தேசத்துக்கு விடுதலை வரும் என்று எதிர்பார்த்தவர்கள். அவர்களோடு கூட நடந்த இயேசு முதலில் செய்தது, அவர்களைப் பேசவிட்டுக் கேட்டது. அப்புறம் "புத்தியில்லாத, மந்த இருதயமுள்ளவர்களே" என்று கடிந்தும் கொண்டார். ஆனால் நம்பியிருந்ததற்காக அவர்களைத் துரத்திவிடவில்லை.

அரசியலை விட்டுவிடலாமா?

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் களைத்துப் போயிருப்பதை அவர் பார்க்கிறார். கொஞ்ச காலம் ஓய்வு எடுங்கள் என்று நானும் சொல்வேன். ஆனால் ஜெபம் மட்டும் போதும், மற்றதெல்லாம் உலகக் காரியம் என்பது வேதாகமத்தோடு ஒத்துப்போகவில்லை. அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று ரோமருக்கு எழுதிய அதே பவுலைப் பாருங்கள். பிலிப்பியில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் மறுநாள் ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, முடியாது, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்றார். எருசலேமில் வாரினால் கட்டிச் சாட்டையால் அடிக்கப் போனபோது, விசாரிக்காமல் ஒரு ரோமக் குடிமகனை அடிக்கச் சட்டம் இருக்கிறதா என்று கேட்டார். கடைசியில் இராயனிடமே, அதாவது ரோமப் பேரரசனிடமே, அப்பீல் செய்தார். குடிமகனுக்கு உள்ள உரிமையைக் கேட்பது அவருக்கு விசுவாசத்துக்கு விரோதமாகத் தோன்றவில்லை.

எரேமியா சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய அந்தக் கடிதத்தில், உங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதினார். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்றும் எழுதினார். தேடுவதும் ஜெபிப்பதும் அங்கே ஒன்றாகவே வருகின்றன. நாம் அடிக்கடி அட்டையில் எழுதி மாட்டுகிற "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வாக்குத்தத்தமும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. எழுபது வருடம் என்று சொன்ன கையோடு சொன்னது அது. கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்குமாகச் சேர்த்துக் கொடுத்த வாக்கு.

வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் வருடங்களையும் சொல்கிறேன், ஏனென்றால் அவரை வெற்றிக் கதையாக மட்டுமே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அடிமை வியாபாரத்தை நிறுத்த வேண்டும் என்று அவர் 1791-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் 163-க்கு 88 என்று தோற்றது. 1796-இல் நாலே ஓட்டில் தோற்றது. அதற்குப் பிறகு அவர் உடம்பும் மனமும் ஒடிந்து படுத்தார். வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் 1807-இல்தான் வந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பெரும்பாலான பகுதிகளில் அடிமைத்தனத்தையே ஒழிக்கும் சட்டம் நிறைவேறுவது உறுதி என்று 1833-இல் கேள்விப்பட்ட மூன்றாம் நாள் அவர் இறந்தார். அந்த வெற்றியும் முழுசானது இல்லை. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு போனது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவர்களில் பலர் 1838 வரை முழு விடுதலை இல்லாமல் வேலை செய்தார்கள். நம் கையால் நடக்கிற நீதி இப்படித்தான் தாமதமாகவும் பாதியாகவும் வருகிறது. மீதியைக் கடவுள் செய்து முடிப்பார் என்று நம்புவதுதான் நம் விசுவாசம். அந்த மீதியை எந்த வேட்பாளர் தலையிலும் கட்டாமல் இருந்தால், அவரிடம் எதிர்பார்க்க வேண்டியதை மட்டும் எதிர்பார்க்கலாம், தவறும்போது கேள்வியும் கேட்கலாம்.

இப்போது உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் விட்டு ஒதுங்குவது: நிம்மதி கிடைக்கலாம், ஆனால் உங்களை நான் புரிந்துகொண்ட வரையில் அந்தக் குடும்பங்களின் நினைவு உங்களை விடாது. அடுத்த தேர்தலுக்கு இன்றே கிளம்புவது: துக்கத்தை வேகத்தால் மூடுவதாக ஆகிவிடும், நாலு மாதத்தில் விழுந்துவிடுவீர்கள். மூன்றாவது, கட்சி வேலையைக் கொஞ்ச காலம் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் குடும்பங்களுக்கு இப்போது சட்டப்படி என்ன செய்ய முடியும் என்று பார்ப்பது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

மேடையில் "அகற்றுவேன்" என்று சொல்வதும் சட்டப்படி அகற்றுவதும் ஒன்று இல்லை. கட்டாய வெளியேற்றம் பற்றி ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1997-இல் வெளியிட்ட விளக்கம், குடியிருப்பவர்களிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும், போதிய அவகாசத்தோடு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், சட்ட உதவிக்கும் முறையீட்டுக்கும் வழி இருக்க வேண்டும், யாரும் வீடற்றவர்களாக விடப்படக் கூடாது என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இதில் எவ்வளவை ஏற்றிருக்கிறது என்பதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். இலவசச் சட்ட உதவி கிடைத்தால் இப்போதே போய்ப் பாருங்கள், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு குடும்பமும் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறது என்பதற்கான கட்டண ரசீது, பள்ளிச் சான்று, அடையாள அட்டை எல்லாவற்றையும் நகல் எடுத்து ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். ஜெயித்தவரிடமும் நேரில் போய் மனுக் கொடுங்கள். பிடிக்காதவரிடம் போய் நிற்பது கஷ்டம்தான், ஆனால் அந்த ஜனங்களுக்கும் அவர்தான் பிரதிநிதி. ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபியுங்கள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியிருப்பது அவரையும் சேர்த்துத்தான். அப்படி ஜெபித்தால் அவர் செய்வதற்கு ஒப்புக்கொண்டதாக ஆகாது.

திருவிருந்தில் பக்கத்தில் நிற்பவர்

அந்தச் சகோதரி வேறு ஒருவருக்கு ஓட்டுப் போட்டது ஒரு விஷயம். வீடு இழக்கப் போகிறவர்களைப் பற்றி நினைக்காமல் "கர்த்தர் நியாயம் செய்தார்" என்று சாட்சி சொன்னது இன்னொரு விஷயம். முதலாவதை நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டாவதைப் பற்றி அவரிடம் தனியாகப் பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது. மத்தேயு 18 அதைத்தான் சொல்கிறது. கட்சியைப் பற்றிப் பேசாதீர்கள். அந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு உங்களோடு ஒருமுறை வரும்படி கூப்பிடுங்கள். வரலாம், வராமலும் போகலாம். மன்னிப்பதற்கு அவர் உங்கள் கருத்துக்கு வர வேண்டும் என்று இல்லை. கொஞ்ச நாள் தள்ளி நிற்க வேண்டியிருந்தால் நில்லுங்கள், ஆனால் திருவிருந்தை விட்டுவிடாதீர்கள். தகுதி பார்த்துக் கொடுப்பது அல்ல அது, அவருக்கும் உங்களுக்கும்.

தூக்கமும் செய்தியும்

எலியாவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம், அவர் சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்தபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணாதது. தூங்கவிட்டான், எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். கேள்வியும் பதிலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ராத்திரி இரண்டு மணிச் செய்தி உங்களுக்கோ அந்தக் குடும்பங்களுக்கோ ஒரு நன்மையும் செய்யவில்லை. செய்திக்குப் பகலில் ஒரு நேரம் ஒதுக்குங்கள், படுக்கும்போது ஃபோனை வேறு அறையில் வையுங்கள்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, எல்லாம் என் தப்பு என்ற எண்ணம் இவை இரண்டு வாரத்துக்கு மேலாகத் தினமும் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்று தோன்ற ஆரம்பித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், உதவியை நாடுங்கள். மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருந்து எடுத்துக்கொண்டே ஜெபிக்கலாம்.

மகளுக்கு என்ன சொல்வது?

கடைசியாக வைத்திருந்தாலும் எனக்கு இதுதான் முக்கியமாகத் தெரிகிறது. "நீங்க சொன்னது எதுவுமே நடக்கலையேம்மா" என்று அவள் உங்களிடம் கேட்டிருக்கிறாள். அக்கறை விட்டுப்போன பிள்ளை கேட்க மாட்டாள். அவளை ஆராதனைக்கு வரும்படி வற்புறுத்தாதீர்கள். கடவுளுக்காக வக்காலத்து வாங்கவும் வேண்டாம். அவள் சொன்னது உண்மை என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். "ஆமா, நடக்கலை. கர்த்தர் ஜெயிக்க வைப்பார்னு சொன்னாங்க, நானும் நம்பினேன், உன்னையும் நம்ப வெச்சேன். அது அவர் சொன்னது இல்லைன்னு இப்போ தோணுது. எனக்கும் வருத்தமா இருக்கு, அவர்கிட்டயே கேட்டுக்கிட்டு இருக்கேன்." இப்படிச் சொல்ல உங்களுக்குப் பயமாக இருக்கலாம். அம்மாவே தடுமாறினால் பிள்ளை என்ன ஆவாள் என்று நினைப்பீர்கள். எல்லாம் தெரிந்ததுபோலப் பேசுகிற பெரியவர்களிடமிருந்துதான் இந்த வயதுப் பிள்ளைகள் விலகுகிறார்கள். கேள்வி கேட்டுக்கொண்டே கடவுளிடம் நிற்கிற அம்மாவை அவள் பார்க்கட்டும்.

பத்திரங்களைச் சேர்க்கும் வேலைக்கு அவளைக் கூப்பிடுங்கள். துண்டறிக்கை கொடுத்தவளுக்கு அந்த வீடுகள் தெரியும், நகல் எடுத்துப் பட்டியல் போடுவதை உங்களைவிட வேகமாகச் செய்வாள். சபைக்குத் திரும்புவாளா என்பதை அவளும் கர்த்தரும் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த தேர்தலில் யாராவது வந்து உங்கள் ஆதரவைக் கேட்டால், அதற்குள் உடம்பும் மனசும் தேறியிருந்தால், போங்கள். ஜெயிக்க வேண்டும் என்று ஜெபியுங்கள், உபவாசமும் இருங்கள். முடிவு இதுதான் என்று கர்த்தரின் பெயரால் யாராவது முன்கூட்டியே சொல்ல வந்தால் மட்டும், அந்த ஜெபக்குழுவில் நீங்கள் எழுந்து, அப்படிச் சொல்ல வேண்டாம் என்று கேளுங்கள்.